செலினாவின் முகமும் ஹுவான் கப்ரியேலின் பாட்டும்

டெக்சஸ் மாநிலத்தின் தென்பகுதியில், மெக்சிகோ வழிவந்த குடும்பங்கள் வாழும் தெருக்களில், இந்த இருவரையும் தவிர்க்க முடியாது. மகளின் அறைச் சுவரில் செலினா கின்டனியா சிரித்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு கழுவும் அம்மா சத்தமாக வைக்கும் பாட்டில் ஹுவான் கப்ரியேல் அழுதுகொண்டிருப்பார். செலினா 1995இல், 24ஆம் பிறந்தநாளுக்குச் சில நாட்கள் இருந்தபோது கொல்லப்பட்டார். ஹுவான் கப்ரியேல் 2016இல் 66 வயதில், மேடையேறிய இரண்டாம் நாள், மாரடைப்பில் இறந்தார். இருவரையும் அந்த வீடுகளில் பாடகர்களாகப் பார்ப்பதைவிட உறவாகத்தான் பார்க்கிறார்கள்.

எங்கோ இருக்கும் ஒரு பாடகர் முன்பின் தெரியாத ஒருவரின் வாழ்க்கைக்குள் எப்படி வந்து உட்காருகிறார் என்று யோசிக்கும்போதெல்லாம் இவர்கள் இருவரையும் சேர்த்தே நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இருவரும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்று. போன வழிதான் வேறு. செலினா, ‘இவள் என்னைப் போலவே இருக்கிறாள்’ என்ற உணர்வின் வழியாகப் போனார். ஹுவான் கப்ரியேல் யாரைப் போலவும் இல்லை. ஆனால் அவர் பாட்டுக்குள் கேட்பவர் தன் ஆளைக் கொண்டுவந்து வைக்க இடம் இருந்தது.

செலினா 1971 ஏப்ரல் 16 அன்று டெக்சஸின் லேக் ஜாக்சனில் பிறந்தார். அப்பா ஆபிரகாம் இளமையில் ‘லோஸ் டினோஸ்’ என்ற குழுவில் பாடியவர். பிறகு பாட்டை விட்டுவிட்டு வேலைக்குப் போனவர். மகளுக்குக் குரல் இருக்கிறது என்று தெரிந்ததும் பழைய பெயரையே எடுத்துப் பிள்ளைகளைக் கொண்டு குழு அமைத்தார். அண்ணன் ஏ.பி. பேஸ் கிட்டார், அக்கா சுசெட் டிரம்ஸ். குடும்பம் நடத்திய உணவகம் 1980களின் தொடக்கத்து மந்தநிலையில் நொடித்தது, குடியிருந்த வீடும் கைவிட்டுப் போனது. கார்பஸ் கிறிஸ்டிக்கு வந்து கல்யாண வீடு, பெண்பிள்ளைகளின் பதினைந்தாம் பிறந்தநாள் விருந்து, ஊர்த் திருவிழா, தெருமுனை என்று அழைத்த இடமெல்லாம் பழைய பேருந்தொன்றில் போய்ப் பாடினார்கள். எட்டாம் வகுப்போடு செலினாவின் பள்ளி நின்றது. மீதிப் படிப்பை அஞ்சல் வழியில் முடித்தார்.

இந்த அலைச்சல் கதை எத்தனையோ பாடகர்களுக்கு உண்டு. செலினாவின் கதையில் வேறொன்று இருக்கிறது. அவருக்கு ஸ்பானியம் பேச வராது. வீட்டில் ஆங்கிலம்தான். பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் அப்பா உச்சரித்துக் காட்ட, ஒலியை மட்டும் பிடித்துப் பாடினார். இதைக் கேட்டால் வியப்பாக இருக்கலாம். டெக்சஸின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. 1960கள் வரை அந்த மாநிலத்தின் பள்ளிகள் பலவற்றில், விளையாட்டு மைதானத்தில்கூட ஸ்பானியம் பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை உண்டு. அடி வாங்கி வளர்ந்த தலைமுறை, தன் பிள்ளைகளுக்கு அந்த அடி வேண்டாம் என்று வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறியது. அந்தப் பிள்ளைகள் பாட்டி சொல்வது பாதி புரிந்தும் பதில் சொல்ல வாய் வராமலும் வளர்ந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் மெக்சிகோக்காரர்கள் அவர்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். இந்தப் பக்கம் அவர்கள் நிறத்தையும் பெயரையும் பார்த்து ‘எந்த நாடு?’ என்று கேட்டார்கள், அவர்கள் குடும்பம் அதே மண்ணில் பல தலைமுறைகளாக இருந்தும்.

அந்தப் பிள்ளைகளின் கண்முன்னால் செலினா மெக்சிகோவுக்குப் போய்ப் பேட்டி கொடுத்தார். பாடல்களால் பழகிய மொழியை வளர்ந்த பிறகு பேசக் கற்றிருந்தார். சொல் அகப்படாத இடங்களில் தடுமாறினார், சிரித்தார், மேலே பேசினார். மான்டெர்ரே நகரில் பத்திரிகையாளர்களைக் கட்டித் தழுவி வரவேற்றதை இன்றும் சொல்வார்கள். மொழி சரியாக வராததை மறைக்க அவர் மெனக்கெடவில்லை. வாழ்நாள் முழுக்க வெட்கப்பட்ட ஒன்றை இன்னொருத்தி அத்தனை பேர் முன்னால் வெட்கமில்லாமல் செய்வதைப் பார்த்த பெண்ணுக்கு என்ன நடந்திருக்கும்? செலினாவின் குரல் நல்ல குரல், சந்தேகமில்லை. ஆனாலும் குரலைவிட அந்தத் தடுமாற்றம்தான் அவரை வீட்டுப் பெண்ணாக்கியது என்று நான் நம்புகிறேன்.

தோற்றமும் சேர்ந்தது. மெக்சிகோ தொலைக்காட்சித் தொடர்களின் நாயகிகள் பெரும்பாலும் வெளுத்த தோலும் வெளிர்நிறக் கூந்தலுமாக இருந்த காலம் அது. செலினா மாநிறம், கருங்கூந்தல், அகன்ற இடுப்பு, சிவப்புச் சாயம் பூசிய தடித்த உதடு. மேடைக்கான மேலுடைகளில் பாசியும் கல்லும் தன் கையாலேயே வைத்துத் தைத்தார். குழுவின் கிட்டார் கலைஞர் கிறிஸ் பெரெஸை மணந்த பிறகும் மோலினா என்ற உழைக்கும் மக்கள் குடியிருப்பில், பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். இசையும் அவரைப் போலவே பல கை மாறி வந்தது. தெஹானோ எனப்படும் டெக்சஸ் மெக்சிகோ இசையில் ஜெர்மானிய, செக் குடியேறிகள் கொண்டுவந்த அக்கார்டியனும் போல்காவும் இருக்கின்றன. கொலம்பியாவின் கும்பியா தாளத்தையும் அமெரிக்க டிஸ்கோவையும் செலினாவின் குழு அதில் சேர்த்தது. 1995 பிப்ரவரி 26 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில், தானே வடிவமைத்த கத்தரிப்பூ நிற உடையில், 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னால் டிஸ்கோ பாடல்களின் கோவையோடு அவர் தொடங்கியபோது, அந்த அரங்கிலிருந்த பெண்பிள்ளைகள் பலர் பார்த்தது தங்கள் அக்காவை, சித்தி மகளை, கண்ணாடியில் தெரியும் தங்களை.

ஹுவான் கப்ரியேலிடம் வரும்போது இந்தக் கண்ணாடி உதவாது.

அவர் இயற்பெயர் அல்பெர்த்தோ அகிலேரா வலாதெஸ். 1950 ஜனவரி 7 அன்று மிச்சோவாகான் மாநிலத்தின் பராக்குவாரோ என்ற சிற்றூரில், பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். அப்பா கப்ரியேல் வயலில் காய்ந்த புல்லுக்கு வைத்த தீ கைமீறிப் பரவியது. அந்த அதிர்ச்சியில் மனம் கலங்கி மெக்சிகோ நகரின் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அம்மா விக்டோரியா பிள்ளைகளோடு வடக்கே எல்லை நகரமான ஹுவாரேஸுக்கு வந்து வீட்டுவேலை செய்தார். கடைசிப் பையனைச் சின்னஞ்சிறு வயதில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதி ஒன்றில் விட்டார். அம்மா அதே ஊரில் இருக்க, பையன் விடுதியில் வளர்ந்தான். அங்கே தகரவேலை கற்றுக்கொடுத்த ஹுவான் கொன்த்ரேராஸ் என்பவர்தான் அவனுக்கு இசையும் கொடுத்தார். 13 வயதில் அங்கிருந்து வெளியேறி, அந்த ஆசிரியரோடு கைவினைப் பொருள் விற்றுப் பிழைத்தான். பிறகு ஹுவாரேஸின் நோவா நோவா என்ற மதுவிடுதியில் பாடினான். மெக்சிகோ நகரத்துக்கு வாய்ப்புத் தேடிப் போனவன் திருட்டுக் குற்றச்சாட்டில் லெக்கும்பெர்ரி சிறையில் ஓராண்டுக்கும் மேல் அடைபட்டான். பாடகி லா பிரியெத்தா லிந்தா போன்றோரின் உதவியால் வெளியே வந்து, 1971இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டபோது ஆசிரியரின் பெயரையும் அப்பாவின் பெயரையும் சேர்த்துத் தன் பெயராக்கிக்கொண்டான்.

இந்த வாழ்க்கையைத் தன் வாழ்க்கையாக எத்தனை ரசிகர் அடையாளம் கண்டிருக்க முடியும்? சிலர் கண்டிருப்பார்கள். ஆனால் அவரை நேசித்தவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள். மருத்துவர், லாரி ஓட்டுநர், சந்தையில் கடை போட்டிருக்கும் மூதாட்டி, அரசியல்வாதி எல்லோரும் அதில் உண்டு. அவர் மினுக்கும் உடையில் இடுப்பை வளைத்து ஆடினார். பின்னால் மெக்சிகோவின் மரபிசைக் கலைஞர்களான மரியாச்சிக் குழுவின் ஆண்கள் அகன்ற தொப்பியும் வெள்ளிப் பொத்தானுமாக நின்றார்கள். ஆண் என்றால் இறுக்கம், அழுகை என்றால் மது உள்ளே போன பிறகு என்று வகுத்து வைத்திருந்த ரன்செரா இசை மரபுக்குள் அவர் பட்டப்பகலில் அழுதார். சேவல் சண்டைத் திடல்களில்கூடப் பாடினார். பந்தயம் கட்ட வந்த ஆண்கள் அவரோடு சேர்ந்து அழுதார்கள். அவரைப் போல இருக்க அந்த ஆண்களில் ஒருவர்கூட ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். ஆனாலும் அவர் பாட்டு இல்லாமல் அவர்களால் இருக்க முடியவில்லை.

இதன் சூட்சுமத்தை ஒரே பாட்டில் பார்க்கலாம். ‘அமோர் எத்தெர்னோ’. 1984இல் ஸ்பெயின் பாடகி ரோசியோ துர்கால் பாடிப் புகழ்பெற்றது. பிறகு ஹுவான் கப்ரியேலே 1990இல் மெக்சிகோ நகரின் பெயாஸ் ஆர்த்தெஸ் அரங்கில், தேசிய சிம்பொனி இசைக்குழுவோடு பாடினார். ஓபராவுக்கும் சாஸ்திரிய இசைக்கும் உரிய பளிங்கு அரங்கில் ஜனரஞ்சகப் பாடகனுக்கு என்ன வேலை என்று படித்தவர்கள் பலர் எதிர்த்தார்கள். அந்த இசைப்பதிவு இன்று அந்த அரங்கின் பெருமைகளில் ஒன்று. 1974 டிசம்பரில் இறந்த தன் அம்மாவை நினைத்து அவர் இந்தப் பாட்டை எழுதினார் என்றே மெக்சிகோவில் பரவலாக நம்புகிறார்கள்.

ஆனால் பாட்டை எழுதியிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். துர்கால் பாடிய வடிவத்தில், இறந்தது அம்மா என்று எங்கும் இல்லை. ஆணா பெண்ணா, முதியவரா குழந்தையா என்பதும் இல்லை. மூடிய கண்கள் இருக்கின்றன, தனிமை இருக்கிறது, அகபுல்கோ என்ற ஓர் ஊர்ப் பெயர் இருக்கிறது. மற்றதெல்லாம் கேட்பவர் கொண்டுவர வேண்டியது. அதனால்தான் அது கணவனை இழந்தவளுக்கும் குழந்தையைப் பறிகொடுத்தவனுக்கும் ஒரே மாதிரி பொருந்துகிறது. மெக்சிகோவில் அன்னையர் தினமான மே 10 அன்றும், நவம்பர் தொடக்கத்தில் இறந்தோர் நாளிலும் கல்லறைத் தோட்டங்களில் காசு கொடுத்து மரியாச்சிக் குழுவை அழைத்து இதைப் பாடச் சொல்கிறார்கள். பாடும் நேரத்தில் அங்கே நிற்பவர் மனதில் ஹுவான் கப்ரியேல் இல்லை. அவருடைய அம்மாவும் இல்லை. மண்ணுக்குள் இருக்கும் தன் ஆள் மட்டும்தான். எழுதியவர் தன் துக்கத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டு அதை ஊருக்குக் கொடுத்துவிட்டார். இப்படிச் செய்வது எளிதல்ல. துக்கத்தில் இருக்கும் எவருக்கும் தன் இழப்பின் அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத்தான் வாய் துடிக்கும்.

2019 ஆகஸ்ட் 3 அன்று எல் பாசோவில், ஹுவாரேஸுக்கு நேர் எதிரே ஆற்றின் இக்கரையில், லத்தீன் மக்களைக் குறிவைத்து வந்த ஒருவன் கடைக்குள் சுட்டதில் 23 பேர் இறந்தார்கள். கடை அருகே பூவும் மெழுகுவர்த்தியும் குவிந்த இடத்துக்கு மரியாச்சிகள் வந்தபோது பாடியது இந்தப் பாட்டைத்தான். அந்தச் சூழலில் செலினாவின் பாட்டு எதையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அது செலினாவின் குறையும் அல்ல. அவர் வந்த வேலை வேறு.

இருவருக்கும் இடையே இன்னொரு பெரிய வேற்றுமை, தங்களை எவ்வளவு காட்டினார்கள் என்பதில் இருக்கிறது. செலினா எல்லாவற்றையும் காட்டினார். குடும்பம், காதல், வீடு, தைக்கும் கை, தவறும் மொழி. காட்டியதனால்தான் நெருக்கம் வந்தது என்று தோன்றும். அப்படியானால் ஹுவான் கப்ரியேலுக்கு வந்திருக்கவே கூடாது. அவர் தன் அந்தரங்கத்தை வாழ்நாள் முழுவதும் பூட்டியே வைத்திருந்தார். 2002இல் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில், நீங்கள் ஓரினச் சேர்க்கையாளரா என்று நேராகவே கேட்டார்கள். கண்ணுக்குத் தெரிவதைக் கேட்க வேண்டியதில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். அதை மழுப்பல் என்பவர்கள் உண்டு. வீட்டிலும் வேலையிடத்திலும் வாய்திறக்க முடியாமல் வாழ்ந்த எத்தனையோ பேருக்கு அந்தப் பதில் ஒரு பிடிமானம் என்பதே என் எண்ணம். அவர் ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை, அதற்காகத் தன் நடையையும் மாற்றிக்கொள்ளவில்லை. அந்த ரசிகர்களுக்கு மட்டும் ஹுவான் கப்ரியேலும், செலினாவைப் போலவே, தன்னைப் போன்ற ஒருவராக இருந்தார். நான் பிரித்துச் சொல்லும் இரண்டு வழிகளும் இந்த இடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன.

ரசிகரோடு அவருக்கு இருந்த உறவு நீண்டகால உறவு. பாடல் உரிமை குறித்து இசைத்தட்டு நிறுவனத்தோடு மூண்ட வழக்கினால் 1980களின் பிற்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் புதிய பாடல்களைப் பதிவு செய்யாமலே இருந்தார். 1994இல் திரும்பி வந்த தொகுப்புக்கு, காத்திருந்ததற்கு நன்றி என்றே பெயர் வைத்தார். ரசிகர்கள் உண்மையிலேயே காத்திருந்தார்கள். அதற்குள் சிலருக்குப் பிள்ளை பிறந்திருந்தது, சிலருக்குத் தாய் போயிருந்தார். பழைய பாட்டு அவர்களுக்குப் புதிய பொருளில் கேட்டது.

செலினாவுக்கு அந்தக் காலம் கிடைக்கவில்லை. அது போன விதம் இந்தப் பேச்சில் சொல்லியே ஆகவேண்டியது. அவரைச் சுட்டது அவருடைய ரசிகர் மன்றத்தைத் தொடங்கித் தலைவியாக இருந்த யோலாண்டா சல்திவார். பிறகு செலினாவின் துணிக்கடைகளையும் நிர்வகித்தவர். பணக் கையாடல் வெளிப்பட்டு, 1995 மார்ச் 31 அன்று கார்பஸ் கிறிஸ்டியின் சாலையோர விடுதி ஒன்றில் நடந்த சந்திப்பில் கொலை முடிந்தது. ஒரு தனி மனுஷியின் குற்றத்தை ரசிகர் அத்தனை பேர் மேலும் ஏற்றுவது அநியாயம். ஆனால் செலினா தன் வாசலைத் திறந்து வைத்திருந்தவர், ரசிகையைக் குடும்பத்தில் ஒருத்தியாக நம்பியவர். ரசிகர்களுக்கு அவர்மேல் அவ்வளவு உரிமை தோன்றியதற்குக் காரணமான அதே திறந்த மனம் வழியாகத்தான் அந்த ஆபத்தும் உள்ளே வந்தது. அதனால்தான் அந்தச் சாவு செய்தியாக இல்லாமல் வீட்டுத் துரோகமாகத் தாக்கியது.

அடுத்து நடந்தவற்றில் அந்த உரிமை தெரிகிறது. செய்தி பொய் என்று ஊரெல்லாம் பேச்சுக் கிளம்ப, சவப்பெட்டியைத் திறந்து காட்டவேண்டி வந்தது. பல்லாயிரம் பேர் வரிசையில் வந்து முகத்தைப் பார்த்துப் போனார்கள். பீப்பிள் இதழ் தென்மேற்கு மாநிலங்களுக்கு மட்டும் அவர் படத்தை அட்டையில் போட்டது. அது விற்ற வேகத்தைப் பார்த்து 1996இல் ஸ்பானியப் பதிப்பையே தொடங்கினார்கள். அவர் பாடிய ‘டிரீமிங் ஆஃப் யூ’ தொகுப்பு 1995 ஜூலையில் முதல் வாரத்திலேயே ஏறத்தாழ 3,31,000 பிரதிகள் விற்று அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பெண்குழந்தைகளுக்குச் செலினா என்று பெயர் வைப்பது அந்த ஆண்டு திடீரென்று உயர்ந்தது. அதற்கு முன்பே, 1992இல் டெக்சஸில் பிறந்து அவர் பெயரைப் பெற்ற குழந்தைதான் இன்றைய பாடகி செலினா கோமெஸ். உதட்டுச் சாயம், கத்தரிப்பூ நிற உடை, சுவரோவியம், கடற்கரைச் சிலை என்று அவர் உருவம் எங்கும் நிற்கிறது. ரசிகைகள் அதே உடையைத் தைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். ஒத்த தோற்றத்தால் வந்த அன்பு ஒத்த தோற்றத்தாலேயே தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

2016இல் ஹுவான் கப்ரியேலின் அஸ்தியைப் பெயாஸ் ஆர்த்தெஸ் அரங்கில் வைத்தபோது லட்சக்கணக்கானோர் வந்தார்கள். ஹுவாரேஸில் அவர் வீட்டு வாசலில் பூ குவிந்தது. வரிசையில் நின்றவர்கள் செய்தது ஒன்றுதான், பாடினார்கள். அவரைப் போல உடுத்தி வந்தவர்கள் சிலர் இருந்தார்கள். ஆனால் கூட்டம் முழுவதிலும் இருந்தது பாட்டு. செலினாவை நினைக்க அவர் முகம் வேண்டும். ஹுவான் கப்ரியேலை நினைக்க அவர் தேவையே இல்லை. இதை நான் அவருக்குக் குறையாகச் சொல்லவில்லை.

காலம் இருவர் ரசிகரையும் வேறு வேறாக நடத்துகிறது. 1995இல் 15 வயதாக இருந்தவள் இன்று நாற்பதுகளின் நடுவில் இருக்கிறாள். அக்காவாக இருந்த செலினா இப்போது அவளுக்கு மகள் வயது. தான் வாழ்ந்த ஆண்டுகளைச் செலினா வாழவில்லையே என்ற கணக்கு ஒவ்வொரு பிறந்தநாளிலும் வந்து நிற்கிறது. அன்பில் பொறுப்பு கலக்கிறது, மகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. தன் பிள்ளைக்கு அவள் செலினாவை அறிமுகம் செய்கிறாள், ஜெனிஃபர் லோபஸ் நடித்த 1997ஆம் ஆண்டுப் படத்தைப் போட்டுக் காட்டுகிறாள். ஹுவான் கப்ரியேலை யாரும் யாருக்கும் அறிமுகம் செய்வதில்லை. சலித்துக்கொண்டே கேட்ட அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு, அம்மா இல்லாத ஒரு நாளில் தானாக வாயில் வருகிறது. அன்றுதான் பிள்ளை ரசிகனாகிறான்.

என் மனம் எந்தப் பக்கம் என்று கேட்டால், ஹுவான் கப்ரியேல் பக்கம்தான். செலினா முதலில் தேடி வந்தது தன் இனத்துப் பெண்களை, அவர்களுக்கு அவர் எத்தனை அவசியம் என்பதைத் தூரத்திலிருந்து புரிந்துகொள்ள மட்டுமே என்னால் முடியும். ஹுவான் கப்ரியேல் கேட்பவரிடம் எந்த அடையாளமும் கேட்பதில்லை. மொழி தெரியாதவரும் உள்ளே வரலாம், இழந்தவர் ஒருவர் இருந்தால் போதும்.

செலினாவுக்கும் அந்த வழி தெரிந்திருந்தது. பதின்வயதில், ஸ்பானியம் சரளமாகப் பேச வராத நாட்களில், அவர் பதிவு செய்த பாடல்களில் ஒன்று ‘கோஸ்தும்ப்ரெஸ்’, பிரிந்துபோனவரைப் பழக்கத்தினால் மறக்க முடியாமல் தவிக்கும் பாட்டு. எழுதியவர் ஹுவான் கப்ரியேல்.